விளக்கு வைத்த நேரத்தில் வந்த போன்

வெள்ளிமலையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் போன் பேசுவதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், மதில் ஓரமாகக் கிடக்கும் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். கோபத்தில் ஒரு அடி நகர்ந்தால் லைன் போய்விடும். அதனால் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் போனில் சண்டை போடும்போதுகூட ஆடாமல் அசையாமல்தான் போடுவோம்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அந்தப் பாறையில் ஏறி இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். புயலில் எங்கள் வீடு இடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சேதத்தைப் பார்க்க சர்வேயர் வருவார், அவர் வந்து பார்க்கிற வரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். நாங்களும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் காத்திருந்தோம். சர்வேயர் வந்தபாடில்லை.

"மேடம், அந்த க்ளெய்ம் க்ளோஸ் ஆயிடுச்சே" என்றாள் போனில் இருந்த பெண்.

"க்ளோஸ்னா? பணம் வந்துடுமா?" என் விவரம் அவ்வளவுதான்.

"இல்லங்க மேடம். வீட்டுக்கு எந்தச் சேதமும் இல்லன்னு பாலிசிதாரரே சொல்லிட்டாரு. நாங்க வெரிஃபிகேஷனுக்குக் கூப்பிட்டப்ப பேசியிருக்காரு. ரெக்கார்டு இருக்கு."

பாலிசிதாரர் என்றால் என் அப்பா. நான் பாறையிலிருந்து இறங்கிவிட்டேன் போலிருக்கிறது, லைன் போய்விட்டது.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீடு அப்பா கட்டியது. மண் சாந்தில் செங்கல் சுவர், மேலே ஓடு. அம்மா இறந்த பிறகு அப்பா மட்டும்தான் அதில் இருக்கிறார். நான் ஒரே பெண். வாரம் முழுக்க மலையில் பள்ளிக் குடியிருப்பில் இருந்துவிட்டு சனிக்கிழமை பஸ் பிடித்துக் கீழே இறங்குவேன். சில வருஷத்துக்கு முன் வீட்டைப் பழுது பார்க்க பாங்கில் கடன் வாங்கினோம். கடனோடு சேர்த்து ஒரு இன்சூரன்ஸும் போட்டுவிட்டார்கள். பட்டா அப்பா பேரில் இருப்பதால் கடனும் அவர் பேர், பாலிசியும் அவர் பேர், போன் நம்பரும் அவருடையது. மாதத் தவணை மட்டும் என் சம்பளத்தில்.

புயல் கரையைக் கடந்தது எங்கோ கடற்கரையில்தான். ஆனால் மழை எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடியும் ஒரு பகல், விடாமல் பெய்தது. கிழக்குச் சுவர் ஊறிப்போய் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அதோடு முன்னறை ஓடுகள் எல்லாம் சரிந்தன. அப்பா அப்போது பின்னறையில் இருந்ததால் பிழைத்தார். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த சுவர் விழவில்லை. ஒரு சாண் சாய்ந்து அப்படியே நின்றது.

அந்த நடுச்சுவர்தான் மூன்று வாரமாக எனக்குத் தூக்கம் இல்லாமல் செய்தது. பின்னறைக்குப் போக வேறு வழி கிடையாது. அதன் கீழே இருக்கும் வாசலில்தான் நுழைய வேண்டும். அப்பா படுப்பது பின்னறையில். போதாக்குறைக்கு எங்கள் விளக்கு மாடம் அந்தச் சுவரில்தான் இருந்தது. சாயங்காலம் ஆனால் போதும், மனிதர் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்று, எண்ணெய் ஊற்றி, திரி திருத்தி, நிதானமாக விளக்கு ஏற்றுவார். சவுக்குக் கம்பு நாலு வாங்கி முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். மாமா வீட்டுக்குப் போய் இரு என்று கெஞ்சினேன், திட்டினேன். "வூட்ட வுட்டுட்டு எங்க போறது?" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். சுவரை இறக்கிவிடலாம் என்றால் சர்வேயர் பார்க்க வேண்டும். இறக்காவிட்டால் என்றைக்கு அப்பா தலையில் விழும் என்று தெரியாது. பணம் வராவிட்டால் வீட்டைத் திரும்பக் கட்ட எங்களிடம் வேறு வழியும் இல்லை. ஏற்கெனவே வாங்கிய கடனே முடியவில்லை, இன்னொரு கடனை எந்த பாங்க் கொடுக்கும்?

இப்படி நான் ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்க, இவர் சேதமே இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

தலைமை ஆசிரியரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அப்பாவிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி என் வாய் அசைவதைப் பார்த்து மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். பஸ்ஸில் யாரோ போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள். வங்கக் கடலில் மறுபடியும் காற்றழுத்தத் தாழ்வாம், நாலு நாளில் மழையாம்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா வாசலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, புதங்கெழம வந்துட்ட?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். "இன்சூரன்ஸ்லருந்து உனக்குப் போன் வந்துச்சா?"

கொஞ்சம் யோசித்தார். "யாரோ ஒரு பொண்ணு பேசிச்சி. 'ஐயா, உங்க வூட்டுக்கு எதனா சேதமா'ன்னு கேட்டுச்சி. ஒண்ணும் இல்லம்மா, ஆத்தா புண்ணியத்துல நல்லா இருக்கறோம்னு சொன்னன். நல்ல பொண்ணு. மரியாதையா பேசிச்சி."

"ஏம்ப்பா அப்படிச் சொன்ன? முன்னாடி செவுரே இல்ல, உனக்குக் கண்ணு தெரியலயா?"

"கார்த்திக தீபத்தன்னிக்கும்மா. வெளக்கு ஏத்திக்கினு இருந்தன். அந்நேரம் பாத்து கேட்டா இன்னா சொல்றது?"

"வீடு இடிஞ்சிடுச்சின்னு சொல்லணும்!"

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்ல. நான் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போலப் பார்த்தார். "கத்தாதம்மா" என்றார் மெதுவாக. "வெளக்கு வெச்ச வூட்ல அந்தப் பேச்சு பேசலாமா?"

அவர் பழக்கம் எனக்குத் தெரியாதது அல்ல. வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டார். "அரிசி நெறஞ்சிருக்குது, வாங்கியாரணும்" என்பார். விளக்கை அணை என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. குளிர வை என்பார். வெளியே கிளம்பும்போது தவறிப்போய் "போறேன்" என்று சொன்னால், திரும்ப வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டுக்குள் ஒரு சொல் சொன்னால் அது வீட்டில் தங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. சின்ன வயசில் இதற்காக நான் வாங்கிய அடி கொஞ்சமா நஞ்சமா. எல்லாம் தெரிந்தும் அன்றைக்கு என் வாய் நிற்கவில்லை.

"உன் வாயாலதான் இந்த வீடு போச்சு. புயல்ல போகல. உன் வாயாலதான் போச்சு."

சொல்லி முடித்ததுமே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அப்பா தார்ப்பாயின் கயிற்றை ஒரு முடிச்சுக்கு மூன்று முடிச்சாகப் போட்டுவிட்டு உள்ளே போனார். அந்தச் சாய்ந்த சுவருக்குக் கீழே அவர் தலை குனிந்து நுழைந்ததை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

மறுநாள் காலை லீவை நீட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். கம்பெனியின் கிளை அலுவலகம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மானேஜருக்கு நாற்பது வயது இருக்கும். எடுத்த எடுப்பில், "பாலிசிதாரர் சொன்னதுக்கு எதிரா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க மேடம்" என்றார். நான் போனில் எடுத்திருந்த போட்டோக்களைக் காட்டினேன். கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்றை மேஜையில் வைத்தேன்.

"போட்டோ யார் வீட்டுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வந்து பாத்தா தெரியும். வர மாட்டேங்கிறீங்களே."

என் குரல் வகுப்பறைக் குரலாக மாறிவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ரெக்கார்டை நான் கேக்கணும்" என்றேன். மானேஜர் பெருமூச்சு விட்டு, யாருக்கோ மெயில் போட்டு, ஒரு மணி நேரம் என்னை உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அதைப் போட்டார்.

முதலில் அந்தப் பெண்ணின் குரல். பிறகு அப்பாவின் குரல். "ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கறோம்." அவ்வளவு திடமாக, அவ்வளவு சந்தோஷமாக. நானே நம்பிவிடுவேன். அந்தப் பெண் நன்றி சொல்வதற்கும் அழைப்பு முடிவதற்கும் இடையில், தூரத்தில் பிள்ளைகள் கத்துவது கேட்டது. "மாவளியோ மாவளி! மாவளியோ மாவளி!"

மானேஜர் சட்டென்று மவுஸிலிருந்து கையை எடுத்தார். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில் முடிந்து, கயிறு கட்டிச் சுற்றினால் தீப்பொறி வட்டமாகப் பறக்கும். கார்த்திகை தீபத்தன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தெருவில் அதைச் சுற்றிக்கொண்டே கத்துகிற கத்தல் அது. 

"தீபத்தன்னிக்கா போன் பண்ணாங்க?" அதுவரை ஆபீஸ் தமிழ் பேசிக்கொண்டிருந்தவர் ஊர்த் தமிழுக்கு இறங்கிவிட்டார். "வெளக்கு வெக்கற நேரத்துலயா?"

"ஆமாங்க. கையில அகல் வெச்சிக்கினு நின்னிருக்காரு."

அவர் ரெக்கார்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க வூட்லயும் அப்படித்தாங்க. எங்கப்பாவும் சொல்லியிருக்க மாட்டாரு" என்றார். மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. ஆனால் உடனே மறுபடியும் மானேஜராகிவிட்டார். "நான் திரும்ப ஓப்பன் பண்ண எழுதறேன். சர்வேயர் சனிக்கிழமை வருவாரு. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. கையெழுத்து போட்டுக் குடுத்தா போதாது. இல்லன்னு சொன்னது உங்கப்பா குரல். இடிஞ்சிடுச்சின்னு சொல்றதும் அவர் குரல்லதான் ரெக்கார்டு ஆகணும். சொல்லிடுவாரில்ல?"

"சொல்லிடுவாருங்க" என்றேன். எப்படிச் சொல்ல வைப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அப்பா என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அதைக் கேட்டு வழக்கமில்லை. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து கை கழுவும்போது, நாளைக்கு சர்வேயர் வருவார், கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு என்றேன். "செவுர பாத்தா தெரியாதா அவருக்கு?" என்றார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. பத்து மணிக்கு வர வேண்டிய சர்வேயர் பன்னிரண்டு மணிக்கு பைக்கில் வந்தார். விழுப்புரத்திலிருந்து வருகிறாராம், இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறதாம். விழுந்த சுவரை அளந்தார், உடைந்த ஓடுகளைப் படம் எடுத்தார். நடுச்சுவரைக் கையால் தட்டிப் பார்த்தவர் சட்டென்று பின்வாங்கினார். மேலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. "இதுக்குக் கீழயா ஆளுங்க போய் வரீங்க?" என்றார். அப்போது முதல் தூறல் விழுந்தது.

பிறகு போனை எடுத்து ரெக்கார்டிங்கைப் போட்டு அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க."

சொன்னார்.

"புயல்ல உங்க வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அப்பா மாடத்தைப் பார்த்தார். காலையில் துடைத்து வைத்த விளக்கு அங்கே இருந்தது. தார்ப்பாயில் தூறல் பட்டு சத்தம் ஏறிக்கொண்டே வந்தது.

"ஐயா?"

"அதான் பாக்கறீங்களேங்க" என்றார் அப்பா.

"நான் பாக்கறது வேற. நீங்க சொல்லணும். போன தடவ இல்லன்னு சொல்லியிருக்கீங்க. இப்பவும் சொல்லலன்னா நான் அப்படியேதான் எழுதணும். எனக்கு வேற வழி இல்ல."

நான் அப்பாவின் பின்னால் நின்றிருந்தேன். சொல்லித் தொலையேன் என்று கத்த வாயெடுத்தேன். புதன்கிழமை கத்தியது ஞாபகம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். சர்வேயர் வாட்சைப் பார்த்தார். மழை வலுத்தது. சுவரிலிருந்து ஒரு கைப்பிடி மண் விழுந்து அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் சிதறியது. அவர் நகரவே இல்லை.

சர்வேயர் போனை அணைத்துப் பையில் போடப் போனார்.

"இருங்க" என்றார் அப்பா. "இங்க வேணாம். கொஞ்சம் வெளில வாங்க."

தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். வாசலில் நிற்பார் என்று நினைத்தேன், நிற்கவில்லை. தெருவில் நிற்பார் என்று நினைத்தேன், அங்கேயும் இல்லை. தெருவைத் தாண்டி, கைப்பம்பைத் தாண்டி, கரும்புக் கொல்லையின் வரப்பு வரை போனார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரியாது. சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன். இரண்டு பேரும் சேற்றில் வழுக்கிக்கொண்டு பின்னாலேயே போனோம்.

அப்பா வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தார், வீடு மறைந்துவிட்டதா என்று. பிறகு துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கேளுங்க" என்றார்.

சர்வேயர் மறுபடியும் கேட்டார்.

"என் வூடு இடிஞ்சி போச்சிங்க" என்றார் அப்பா. "கெழக்கால செவுரு மழையில ஊறி வுழுந்துடுச்சி. முன்னால ஓடு பூரா போயிடுச்சி. நடுச்செவுரு நிக்காது. குடியிருக்க லாயக்கில்ல. நான் கட்டன வூடு. போச்சி." கையில் இருந்த துண்டைப் பிழிந்தார். "போதுங்களா?"

"போதுங்க" என்றார் சர்வேயர். அவர் குரலும் இறங்கிவிட்டிருந்தது.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாலு நாளாக அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் தவித்த வார்த்தை அதுதான். வந்தபோது என்னால் கேட்க முடியவில்லை.

சர்வேயர் அங்கிருந்தே விடைபெற்றுக்கொண்டார். "சுவரை இன்னைக்கே எறக்கிடுங்க மேடம், எங்க வேலை முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா திரும்பி வந்தவர் நேராக வீட்டுக்குள் போகவில்லை. கைப்பம்பில் நின்றார். என்னைப் பம்பு அடிக்கச் சொன்னார். அடித்தேன். கொட்டுகிற மழையில், சட்டையோடு, தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்தார். சுடுகாட்டுக்குப் போய் வந்தால் அப்படித்தான் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைவார். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் அதே பம்பில் அப்படித்தான் குளித்தார், அன்றும் நான்தான் பம்பு அடித்தேன்.

ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போய், மாடத்திலிருந்து விளக்கை எடுத்துப் பின்னறை அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் தெரு ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, பின்னறை ஓட்டுக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரை இறக்கச் சொன்னார். அவரே கயிற்றின் முனையைப் பிடித்தார். அது இரண்டே இழுப்பில் வந்துவிட்டது. ராத்திரிக்குள் பெருமழை பிடித்துக்கொண்டது.

பணம் வந்த கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இரண்டு மாதம் கழித்து வந்தது, கேட்டதை விடக் கம்மியாக. அதில் சுவரை எழுப்பிவிட்டோம், வெள்ளையடிக்க முடியவில்லை. புதுச்சுவரில் மாடம் வைக்க மேஸ்திரி மறந்துவிட்டார். அப்பா அவரைக் கூப்பிட்டு, பூசிய சுவரை உடைத்து வைக்கச் சொன்னார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது சுவரை இறக்கிய அந்தச் சாயங்காலம்தான். அப்பா அலமாரியில் விளக்கு ஏற்றிவிட்டு, திரும்பி நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். என் போன் அடித்தது. தலைமை ஆசிரியர். புயல் அடித்த வாரமே அவர் விசாரித்தார். அப்போது "லேசா ஓடு ஒடஞ்சிருக்கு சார், வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லி வைத்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

"என்னம்மா, திடீர்னு லீவு போட்டுட்டுப் போயிட்டீங்க? வீட்டுக்கு என்ன ஆச்சு?"

விளக்குக்கு முன்னால் நின்றிருந்தேன். அப்பா வேட்டியைப் பிழிவதை நிறுத்திவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, மழையில் தெருவுக்கு இறங்கி, கைப்பம்பைத் தாண்டி நடந்தேன்.